சந்தனம் காய்ந்த பலகைகள்

"ஆறாயிரம்" என்றாள் நர்ஸ் சரோஜா, ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே.

பிரியங்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து இருபதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்."

"நேத்து இருபது. இப்ப ஆறு. மூக்குலயும் ரத்தம் நிக்க மாட்டேங்குது. உடனே ஒரு பை பிளேட்லெட் ஏத்தச் சொல்லிட்டாரு டாக்டர். ஒரு மணி நேரத்துக்குள்ள ஏத்திடணும்னாரு."

"ஏத்தலன்னா?"

சரோஜா ஊசி உறையைக் கிழித்தாள்.

ரத்தத்தில் தட்டணுக்கள் என்று சின்னஞ்சிறு துணுக்குகள் மிதக்கின்றன. குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பது அவற்றின் வேலை. நல்ல உடம்பில் ஒரு கடுகளவு ரத்தத்தில் இரண்டு லட்சம் போல இருக்கும். டெங்கு வந்தால் குறையும். ஆறாயிரம் என்பது, நூறு பேர் நின்று இழுக்கவேண்டிய கரைவலையை மூன்று பேர் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி. பிரியங்கா மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். மூன்று பேரால் அந்த வலையைப் பிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

கட்டிலில் கிடந்தது அவளுடைய ஒரே மகள் கீர்த்தனா. ஏழு வயது. ஊசி குத்தியபோது கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் பிரியங்காவை அதிகமாகப் பயமுறுத்தியது.

சரோஜா ரத்தத்தைச் சிறு குழாயில் ஊற்றி மூடி, அதன்மேல் லேபிள் ஒட்டி, பேனாவால் பெயரும் எண்ணும் எழுதினாள். "இந்தச் சாம்பிளும் ஃபார்மும் ரத்த வங்கிக்குப் போவணும். அவங்க குரூப் பாத்து பை குடுப்பாங்க. ஞானம்மா இருந்தா அனுப்பிடுவேன். அது ஒரு கேஸைத் தள்ளிகினு பழைய கட்டடத்துக்குப் போயிருக்கு. லீவு நாளு, பதினோரு பெட்டுக்கு நான் ஒருத்திதான். உன் வூட்டுக்காரரு எங்க?"

"குப்பத்துக்குப் போயிருக்காரு சிஸ்டர். ரெண்டாவது பை வேணும்னா ரத்தம் குடுக்க ஆளு வேணும்னீங்களே, அதுக்குத்தான். திரும்பி வர ஒன்றரை மணி நேரமாவும்."

பக்கத்துக் கட்டில் பெண், "நான் போவேன் அக்கா, நான் எந்திரிச்சா இவன் ட்ரிப்ஸப் புடுங்கிடுறான்" என்றாள். அவள் மகன் அதற்குள்ளேயே வீறிட்டான்.

"குடுங்க சிஸ்டர், நான் போறேன்" என்றாள் பிரியங்கா.

"நீ எப்படிம்மா போவ? ரெண்டு மாடி கீழ எறங்கணும், அந்தக் கோடி."

"செவுத்துல பலகை கீதுல்ல. அத்தப் படிச்சிப் பாத்து அனுப்பினதே நாந்தான்."

அது உண்மைதான். மூன்று வயதில் அம்மை வந்து பார்வை போன பிரியங்கா, பன்னிரண்டாவது வரை பிரெய்லில் படித்தவள். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசியில் பட்டாபி என்பவர் பெயர்ப்பலகைப் பட்டறை வைத்திருக்கிறார். இரு பக்கமும் உளிச் சத்தம். நடுவே இவருடைய துளையிடும் இயந்திரம். அங்கே அவளுக்கு வேலை, பலகைகளைச் சரிபார்ப்பது.

பலகை செய்யும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். தட்டையான அக்ரிலிக் பலகையில் இயந்திரம் வரிசையாகக் குட்டித் துளைகள் போடும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றரை மில்லிமீட்டர் மணி ஒன்றை அழுத்தி இறக்குவார்கள். மணியின் பெரும்பகுதி உள்ளே போய்விடும்; உச்சி மட்டும் வெளியே வட்டமாக நிற்கும். அந்த உச்சியின் உயரம் அரை மில்லிமீட்டர், அதாவது ஐந்து தாள்களை அடுக்கிய கனம். அவ்வளவுதான். இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு புள்ளிகளுக்கு இடம். எந்த இடங்களில் புள்ளி இருக்கிறது என்பதை வைத்து எழுத்து. ஆறும் சேர்ந்து ஒரு விரல்நுனிக்குள் அடங்கிவிடும். விரல் நகர நகர எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும்.

இந்த ஆஸ்பத்திரி செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்துவது. புதுக் கட்டடத்துக்கு எண்பத்து நான்கு பலகைகள். எண்பத்து நான்கையும் பட்டறை மேசையில் அடுக்கி வைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து படித்தவள் பிரியங்கா. ஆகையால் கட்டடத்தில் உள்ள எல்லாப் பெயர்களும் அவளுக்குத் தெரியும். எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. முந்தாநாள் கணவன் தேவா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, இவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியதுதான். அப்புறம் வார்டும், வார்டுக்குள்ளேயே இருந்த கழிப்பறையும் தவிர எங்கும் போகவில்லை.

ஃபார்மை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். குழாயை இடது உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. வலது கையில் கோல். செருப்பை விட்டுவிட்டாள், வெறுங்கால்தான் தரையைப் படிக்கும். கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்த, அது பேசியது: லெவன் டென்.

வார்டை விட்டு வெளியே வந்ததும் காலில் கோடு போட்ட ஓடு தட்டுப்பட்டது. தரையில் பதிக்கும் இந்த ஓடுகளில் இரண்டு வகை. நீளக் கோடுகள் இருந்தால் 'போ' என்று அர்த்தம். உருண்டை உருண்டையாகப் புடைத்திருந்தால் 'நில், இங்கே ஏதோ இருக்கிறது' என்று அர்த்தம். அவள் கோட்டின்மேல் நடந்தாள். இருபத்தாறு அடியில் உருண்டைகள் வந்தன. நின்றாள். வலப்பக்கம் சுவரைத் தடவினாள். கதவில் பலகை மாட்டக்கூடாது, படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது திறந்தால் மூக்கு உடையும். ஆகவே பக்கத்துச் சுவரில், தோள் உயரத்தில் இருக்கும். கை சரியாகப் பலகையின் ஓரத்தில் பட்டது. பட்டாபி சொன்ன இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

விரலைக் கீழே இறக்கினாள். புள்ளிகள் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிகள் இல்லை.

சொரசொரப்பாக, காய்ந்த சேறு போல ஏதோ இருந்தது. மறுபடி தடவினாள். பலகை முழுதும் வழவழப்பு. பிரெய்ல் வரி மட்டும் இந்த முடிவிலிருந்து அந்த முடிவு வரை மூடிக் கிடந்தது. விரலை முகர்ந்தாள்.

சந்தனம். நேற்று ஆயுதபூஜை.

நேற்று சாயங்காலம் மணியடித்ததும் கற்பூர வாசனை வார்டுக்குள் வந்ததும் நினைவுக்கு வந்தன. ஆயுதபூஜை என்றால் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். தையல் மிஷினுக்கு, படகு எஞ்சினுக்கு, பஸ்ஸுக்கு, பீரோவுக்கு. அவள் வேலை செய்யும் பட்டறையிலும் துளையிடும் இயந்திரத்துக்கு வருஷா வருஷம் அவளே கையால் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பாள். இங்கே யாரோ பலகைக்கு வைத்திருக்கிறார்கள். விரல் பட்டு உணரும் உயரம் ஐந்து தாள் கனம். சந்தனமோ தோசை மாவு போல அப்பியிருந்தது. ராத்திரி முழுக்கக் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது.

கட்டடத்தில் இரண்டு மாடிப்படி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். 'முன்படி', 'பின்படி' என்று இரண்டு பலகைகளைப் படித்திருக்கிறாள். இது எது?

நகத்தால் சுரண்டப் போனவள் ஒரு நொடி நின்றாள். விஜயதசமியும் அதுவுமாகக் குங்குமத்தை அழிப்பதா? மகள் அங்கே அப்படிக் கிடக்கும்போது? விரலில் ஒட்டியதை நெற்றியில் வைத்துக்கொண்டாள். "மன்னிச்சிக்க கன்னியம்மா" என்று குப்பத்துத் தெய்வத்திடம் வாய்விட்டுச் சொன்னாள். பிறகு எச்சில் தொட்டுச் சுரண்டினாள்.

சந்தனம் சுலபமாக வரவில்லை. மேற்பரப்பு உதிர்ந்தது, புள்ளிகளுக்கு இடையில் இருந்தது அப்படியே நின்றது. முந்தானையை எச்சிலால் நனைத்து அழுத்தித் தேய்த்தாள். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வந்தது. 'முன்படி.' லெவன் செவன்டீன்.

ரத்த வங்கி முன்பக்கமா பின்பக்கமா? 'அந்தக் கோடி' என்றாள் சரோஜா. எந்தக் கோடி என்று கேட்காமல் வந்தோமே என்று தன்னைத் திட்டிக்கொண்டு இறங்கினாள். கைப்பிடிக் கம்பியின் முடிவில் மாடி எண் இருக்கும். ஒன்று என்றால் ஒரு புள்ளி, இரண்டு என்றால் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு. அங்கேயும் ஓர் உருண்டைச் சந்தனம். அதைச் சுரண்ட நேரமில்லை. படிகளை எண்ணி இறங்கினாள்.

தரைத்தளத்தில் ஓடுகள் இரண்டாகப் பிரிந்தன. சுவரில் பலகை. பலகையில் சந்தனம். இது நீளமான வரி, திசை காட்டும் பலகை. இதைத் தேய்க்க ஐந்து நிமிடம் ஆகும். அவள் தேய்க்காமல் இடப்பக்கம் திரும்பினாள். ஏன் இடம்? காரணமே இல்லை. பயந்தவர்கள் ஏதாவது ஒரு பக்கம் போகத்தான் செய்வார்கள்.

நாற்பது அடி நடந்தாள். வழியில் ஒரு கதவு. தட்டினாள். பூட்டு ஆடியது. இன்னும் போனாள். கோல் இரும்புக் கம்பிக் கதவில் மோதியது. அதுவும் பூட்டு. வெளியே மழைத் தூறல். யாரோ பீடி பிடிக்கும் வாசனை.

"அண்ணாத்த! ரத்த வங்கி எங்க கீது?"

"ரத்த வங்கியா? அதோ, அந்தாண்ட" என்றது ஒரு குரல்.

"எந்தாண்ட?"

"அட, அதோ! கையக் காட்றேன்ல?" குரல் கம்பிக்கு அருகில் வந்தது. "அய்ய, கண்ணு தெரியாதா உனுக்கு? கேட்டு வேற பூட்டிக்கீது, இல்லாங்காட்டி நானே இட்டுகினு போயிருவேன். வந்த வழியே திரும்பிப் போம்மா. நேரா போனா அந்தக் கடைசி."

திரும்பினாள். ஓடாதே, ஓடினால் விழுவாய், விழுந்தால் குழாய் உடையும் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். பிரிவுக்கு வந்ததும் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தாள். இனி ஊகிப்பதில்லை. ஒவ்வொன்றையும் படிக்காமல் ஓர் அடி வைப்பதில்லை. வாயில் எச்சில் வற்றிப்போயிருந்தது. ஜன்னல் விளிம்பில் தேங்கிய மழைத்தண்ணீரில் முந்தானையை நனைத்தாள். இரண்டு கையாலும் தேய்க்கவேண்டி இருந்ததால் குழாயை விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டாள். குங்குமம் கரைந்து மணிக்கட்டு வரை வழிந்தது. அது அவளுக்குத் தெரியாது. ஈரம் மட்டும்தான் தெரிந்தது.

'இடம்: பதிவறை. வலம்: மருந்தகம், ரத்த வங்கி.'

அவள் பட்டறையில் படித்த அதே வரி. அன்றைக்கு அது வெறும் வரி.

வலப்பக்கம் இன்னும் மூன்று பலகைகளைத் தேய்த்தாள். மருந்தகம். கழிப்பறை. மூன்றாவதில் முதல் எழுத்து வந்ததுமே கதவைத் தள்ளிவிட்டாள். லெவன் ஃபார்ட்டி ஃபோர்.

உள்ளே குளிர்ச்சி. ஏதோ இயந்திரம் மெதுவாக ஆடும் சத்தம். "வாங்கக்கா" என்றது இளைஞன் குரல். அவன் பெயர் அபிஷேக். லீவு நாளில் தனியாக டியூட்டி பார்க்கும் டெக்னீஷியன்.

அவள் ஃபார்மையும் குழாயையும் நீட்டினாள். "பிளேட்லெட். கீர்த்தனா, ஏழு வயசு. சீக்கிரம் தம்பி."

அவன் வாங்கவில்லை. "இன்னாக்கா இது, கையெல்லாம் ரத்தமா கீது? குழாய் லீக் ஆயிடுச்சா?"

"ரத்தமா?" அவள் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுப்பு. முகர்ந்தாள். "ரத்தம் இல்ல தம்பி, குங்குமம். பலகையில பொட்டு வெச்சிருந்தாங்க. தொடச்சிகினு வந்தேன்."

அவன் கையுறை போட்டு வாங்கினான். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான் போல, குரல் தள்ளிப்போனது. "லேபிள் போச்சேக்கா. பேரு கரைஞ்சிடுச்சி, நம்பரும் இல்ல. செவப்பா இழுத்துகினு கீது."

"பேரு நான் சொல்றேன். நம்பர் ஃபார்ம்ல கீது."

"ஃபார்ம்ல இருக்கறது ஃபார்ம். இந்தக் குழாய்ல இருக்கறது யார் ரத்தம்னு குழாய்தான் சொல்லணும். காலையில இருந்து நாலு குழாய் வந்துச்சி. வழியில யாரோடதாவது மாறியிருந்தா? வேற குரூப் ஏறிச்சின்னா..." குழாயை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. "புது சாம்பிள் வேணும்."

"என் கைய வுட்டு எறங்கவே இல்ல தம்பி! எம்புள்ள மூக்குல ரத்தம் ஊத்துது! கால்ல வுழறேன்."

"அய்யோ அக்கா, எந்திரிங்க. எந்திரிங்க முதல்ல."

அவள் எழுந்தாள். திட்டவேண்டும் போல இருந்தது; திட்ட முடியவில்லை. இதே பலகைகளில் பதினொன்றை அவளே திருப்பி அனுப்பியிருக்கிறாள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு மணி இடம் மாறியிருந்தது. "ஒரு புள்ளிதானேம்மா, யாரு பாக்கப்போறா?" என்று பட்டாபி கெஞ்சினார். "ஒரு புள்ளி மாறினா வேற ரூமு சார். பாக்கறவங்களுக்கு இல்ல, தொடறவங்களுக்கு" என்று சொல்லி மேசையை விட்டு எழுந்துவிட்டாள். இந்தத் தம்பியும் அதைத்தான் சொல்கிறான். அவன் சொல்வது சரி. சரியாக இருப்பதால் அவளுக்கு அழுகை இன்னும் அதிகமாக வந்தது.

அபிஷேக் வார்டுக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "என்னால இத்த வுட்டு நகர முடியாதுக்கா. ஆனா ஃபார்ம் சுத்தமா கீது, அதுல ஓ பாசிட்டிவ்னு போட்டுக்கீது. நான் ஓ பாசிட்டிவ் பை எடுத்து எல்லாம் ரெடி பண்ணி வெக்கறேன். நீங்க சாம்பிளோட வந்தா பத்தே நிமிசம். இந்தாங்க, கை கழுவிகினு போங்க."

திரும்பும் வழியில் அவள் எதையும் தேய்க்கவில்லை. துடைத்த பலகைகள் விரலுக்குத் தானாகப் பேசின. மருந்தகம், பிரிவு, முன்படி. ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டாள்.

படியின் உச்சியில் ஒரு குரல் வழி மறித்தது. "பொட்ட அழிச்சது நீதானா?"

தள்ளுவண்டிச் சக்கரத்தின் கிறீச்சும், பினாயில் வாசனையும். வார்டு வேலை செய்யும் ஞானம்மாள்.

"நல்ல நாளும் அதுவுமா பொட்ட வழிச்சி எறிஞ்சிக்கிறியே, புள்ளய வெச்சிகினு இந்த வேலைய செய்யலாமா? பாத்துப் பாத்து வெச்சேன்டி. மூணு மாடியும் நானே ஏறி எறங்கி வெச்சேன். மழைல போயிடக் கூடாதுன்னு மஞ்சளும் கொஞ்சம் மைதாவும் போட்டுக் கொழச்சேன்!"

மைதா. அதனால்தான் அது சுண்ணாம்பாக நின்றிருக்கிறது.

"ஏம்மா அந்த இடத்துலயே வெச்ச?" என்றாள் பிரியங்கா. "அவ்ளோ பெரிய பலகை. மேல வெச்சிருக்கலாமே. மூலைல வெச்சிருக்கலாமே."

"மேல எழுத்து கீதே, எழுத்து மேல எவளாவது வெப்பாளா? கீழ புள்ளிதான் வெச்சிக்கிறாங்க, கோலத்துக்கு வெக்கிற மாதிரி. பூஜைக்குன்னுதான் வுட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

பிரியங்கா அவள் கையைப் பிடித்து இழுத்து, துடைத்த பலகையில் அந்த விரலை வைத்தாள். "அதான் எனுக்கு எழுத்து. அத்தப் படிக்க முடியாமத்தான் முக்கா மணி நேரம் கீழ சுத்திகினு வரேன். எம்புள்ளைக்கு ரத்தம் இன்னும் வரல."

ஞானம்மாளின் விரல் பலகையில் அப்படியே நின்றது. தள்ளுவண்டி தானாக உருண்டு சுவரில் இடித்தது. "எங்கப்பனே" என்றாள், மூச்சுக்குள். பிறகு, "நின்னுகினு இன்னாத்துக்கு என்னாண்ட பேசிகினு கீற, ஓடு!"

வார்டில் சரோஜாவின் குரல் மாறியிருந்தது. கீர்த்தனா வாந்தி எடுத்திருந்தாள். கறுப்பாக, காப்பித்தூள் கரைத்த மாதிரி. விழுங்கின ரத்தம் வயிற்றில் அப்படித்தான் ஆகும் என்றாள் சரோஜா. அந்த விளக்கம் பிரியங்காவுக்கு உதவவில்லை. மகளின் கன்னத்தில் கை வைத்தாள். சில்லென்று வேர்த்திருந்தது.

"அம்மா?"

"இன்னாடி கண்ணு?"

"எங்க போய்கினே கீற?"

"இதோ வந்துட்டேன். இன்னும் ஒரே வாட்டி."

நரம்பு கிடைக்கவில்லை. இந்தக் கையில் இரண்டு முறை, அந்தக் கையில் ஒரு முறை குத்தினாள் சரோஜா. மூன்றாவதில் வந்தது. புதிதாக லேபிள் எழுதி, குழாயைக் கையுறையின் ஒரு விரலுக்குள் இறக்கி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். "இது நனையாது. கீழ வுழுந்தாலும் ஒடையாது."

ஞானம்மாள் வாசலில் நின்றாள். "குடு, நான் ஓடறேன்" என்று கை நீட்டினாள். நாலு எட்டு வைத்துக் காட்டுவதற்குள் முழங்கால் முறுக்கிக்கொண்டு, "அய்யோ சிவனே" என்று சுவரைப் பிடித்தாள். "நான் போனா அரை மணியாவும். நீ போடி. நீ போ. நான் உம்புள்ள பக்கத்துல உக்காந்துகிறேன்."

ட்வெல்வ் ஃபோர்.

இந்த முறை கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் போனாள். முதல் பலகையில் விரல் பட்டும் படாமலும் ஓடியது. படி. பிரிவு. வலம். நான்கே நிமிடம்தான். ஆனால் பத்து நிமிடம் என்று அபிஷேக் சொன்னது பத்து நிமிடம்தான். அதை எவராலும் குறைக்க முடியாது. கண்ணாடியில் ஒரு சொட்டு ரத்தமும் ஒரு சொட்டு மருந்தும் கலக்கவேண்டும். ஓ பாசிட்டிவ் என்றால் மூன்று மருந்துகளில் ஒன்றில் மட்டும் தயிர் திரிவது போலத் திரியும். எதில் திரிகிறது என்று காத்திருந்துதான் பார்க்கவேண்டும். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது என்பதை அவள் கடிகாரத்தைக் கேட்காமலே அறிந்திருந்தாள். கன்னியம்மாவிடம் வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. காலையில் அழித்த குங்குமம் நடுவில் வந்து நின்றது.

"ஒண்ணுல மட்டும் திரிஞ்சிடுச்சிக்கா. ஓ பாசிட்டிவ்தான்."

பை அவள் கைக்கு வந்தது. குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது குளிரவில்லை, அறைச் சூட்டில், மீன் வயிறு போல மெதுமெதுவென்று இருந்தது.

"ஃப்ரிட்ஜில வெக்கறதில்லையா?"

"வெச்சா வீணாயிடும். சும்மா கெடந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதான் இந்த மிஷின் ஆட்டிகினே இருக்கு. நீங்களும் லேசா ஆட்டிகினே போங்க. குலுக்காதீங்க. தூளியில புள்ளய ஆட்டுவீங்கல்ல, அப்படி."

அவள் பையை மார்போடு அணைத்து ஆட்டிக்கொண்டே படியேறினாள். ஒரு கை பையில். ஒரு கை கம்பியில். கோலைக் கீழேயே விட்டுவிட்டது பாதிப் படியில்தான் தெரிந்தது. இரண்டாம் மாடியில் கம்பியின் முடிவில் விரல் பட்டபோது அங்கே சந்தனம் இல்லை. ஈரமாக, சுத்தமாக, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளிகள். பக்கத்தில் வாளி உரசும் சத்தம் கேட்டது.

"ஞானம்மா! புள்ளகிட்ட உக்காருன்னா இங்க இன்னா பண்ற?"

"பக்கத்துப் பெட்டு பொண்ணு ரெண்டு புள்ளயையும் பாத்துக்கிறேன்னுச்சி. நீ இந்தப் பக்கம் மறுபடி ஓடவேண்டியதாச்சின்னா? போ, போ, வாயப் பாத்துகினு நிக்காத."

சரோஜா பையை வாங்கி, பெயரை உரக்கப் படித்தாள். லேபிளை மறுபடி படித்தாள். கட்டிலில் கட்டியிருந்த எண்ணை மூன்றாம் முறை படித்தாள். அந்த மூன்று வாசிப்பும் பிரியங்காவுக்கு மூன்று வருஷம் போல இருந்தன; ஆனால் அவசரப்படுத்தவில்லை. ட்வெல்வ் ட்வென்டி எய்ட். குழாயில் ஏறத் தொடங்கியது.

இனி அவளுக்குச் செய்ய எதுவுமில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. பதினெட்டு நிமிடம் பிந்திவிட்டோம் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். தேவா போன் செய்தான். "இன்னா மே, பை வந்துச்சா? மூணு பேர இட்டாறேன். திருக்கழுக்குன்றத்துல கூட்டம், வண்டி நகர மாட்டேங்குது" என்றான். "வந்துச்சி. ஏறுது. நீ வா" என்று மட்டும் சொன்னாள். பிந்தியதைச் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் பை தீர்ந்தது. சரோஜா மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு வைத்தாள்.

"நின்னுச்சா சிஸ்டர்?"

"கசியுது. ஆனா சொட்டல. ஆறு மணிக்கு மறுபடி எண்ணிப் பாப்போம். அதுக்கு முன்னாடி நான் எதுவும் சொல்லமாட்டேன்மா, கோவிச்சிக்காத."

பிரியங்கா கோபித்துக்கொள்ளவில்லை. சரியாகத் தெரியாததைச் சொல்லாத ஆளை அவளுக்குப் பிடிக்கும்.

இரண்டு மணி சுமாருக்கு ஞானம்மாள் ஈரக் கையோடு வந்து கட்டில் ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள். பூஜைப் பொரி. அந்தக் காகிதம் சலசலத்ததில் கீர்த்தனா முகத்தைத் திருப்பினாள்.

"பொரியாம்மா?"

மூன்று நாளாக அவள் எதையும் கேட்டதில்லை. கஞ்சியைக் கண்டால் வாயை மூடிக்கொண்டவள். "சிஸ்டர், குடுக்கலாமா?" என்றாள் பிரியங்கா.

"வயிறு தாங்குதான்னு பாத்து, கொஞ்சமா. பால்ல ஊறவெச்சி. ஈறுல கீறல் படக் கூடாது, பட்டா ரத்தம் நிக்காது. முனையா ஏதாவது இருந்தா எடுத்துடு."

பிரியங்கா டம்ளரில் பால் ஊற்றிப் பொரியைப் போட்டாள். காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு பொரியாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். உமி ஒட்டியிருந்தால் எடுத்தாள். உறுத்தலாக இருந்ததை மறுபடி பாலில் போட்டாள். சந்தேகம் இருந்ததைக் கீழே வைத்தாள். எங்கும் முனை இல்லை, முழுக்க மெத்தென்று ஆகிவிட்டது என்று விரல் உறுதியாகச் சொன்ன ஒன்றை மகளின் உதட்டில் வைத்தாள்.

கீர்த்தனா அதை மென்றாள். "இன்னொண்ணு" என்றாள்.

பிரியங்கா டம்ளருக்குள் விரலை விட்டு அடுத்ததைத் தேடினாள்.